ஒரே ஆய்வாளர், மூன்று பெயர்: ஒரு மேற்கோள் கணக்கைச் சரிசெய்த விவரம்

“அக்கா, என் பேப்பரையே காணோம்.”

மடிக்கணினியை என் மேசைமேல் திறந்து வைத்துவிட்டு அவர் சொன்ன முதல் வார்த்தை அதுதான். கோலாலம்பூரில் பொதுச் சுகாதாரம் கற்பிக்கும் மூத்த விரிவுரையாளர். இணைப் பேராசிரியர் பதவிக்கு மனுப் போட இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது. நான் பல்கலைக்கழக நூலகத்தில் ஆய்வாளர்களுக்கு உதவும் பிரிவில் வேலை செய்கிறேன். ஆய்வுக் கட்டுரைகளையும் அவற்றை மற்றக் கட்டுரைகள் எத்தனை முறை மேற்கோள் காட்டின என்பதையும் பதிவுசெய்யும் ஸ்கோப்பஸ் தரவுத்தளத்தில் இருக்கும் தன் பக்கத்தின் நகலை அவர் மனுவோடு இணைக்க வேண்டும். பக்கத்தைத் திறந்தால், அவர் பங்கேற்றதிலேயே அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை அதில் இல்லை.

அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியாதிருக்கப் பெயரை மாற்றியிருக்கிறேன். எண்களையும் கணக்கின் போக்கு கெடாத அளவுக்கு மாற்றியிருக்கிறேன். அவரை இங்கே கமலா ஏ/பி கோவிந்தன் என்று வைத்துக்கொள்வோம். இந்த ‘ஏ/பி’ முக்கியம். பிரச்சினை முழுக்க அங்கேதான் தொடங்கியது.

பெயர் உடைந்த விதம்

மலேசியத் தமிழர் பெரும்பாலோருடைய ஐசியில், அதாவது அடையாள அட்டையில், பெயருக்கு நடுவில் ஏ/எல் அல்லது ஏ/பி இருக்கும். அனாக் லெலாக்கி, அனாக் பெரம்புவான், அதாவது மகன், மகள். அதற்குப் பின்னால் வருவது அப்பாவின் பெயர். நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. ஆனால் ஆய்விதழ்களின் இணையப் படிவம் குடும்பப் பெயரைக் கேட்கும். அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது.

டாக்டர் கமலாவின் முதல் சில கட்டுரைகளுக்குப் படிவம் நிரப்பியவர் அவருடைய மேற்பார்வையாளர். அவர் அப்பா பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்தில் போட்டார். ‘கோவிந்தன், கே.’ ஆனது. முனைவர் பட்டம் முடித்துத் தானே அனுப்பத் தொடங்கியபோது இவர் தன் பெயரை அந்தக் கட்டத்தில் போட்டார். ‘கமலா, ஜி.’ ஆனது. ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டேன். “கோவிந்தன் என் அப்பா, அக்கா. எழுதினது நான்” என்றார். அந்தப் பதிலுக்கு எதிராகச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. பிறகு ஓர் இதழின் அச்சுப் பிரிவு ஐசியில் இருந்தபடியே பெயரை வாங்கி, நடுவிலிருந்த சாய்கோட்டை மட்டும் எடுத்துவிட்டது. ‘ஏபி கோவிந்தன், கே.’ என்று மூன்றாவது ஆள் பிறந்தார்.

தரவுத்தளத்தில் இவர்களை ஒன்றுசேர்ப்பது மென்பொருள். பெயர், நிறுவனம், உடன் எழுதியவர்கள், துறை எல்லாவற்றையும் ஒப்பிட்டு ஒரே ஆள்தானா என்று அது முடிவு செய்யும். பெரும்பாலும் சரியாகவே செய்கிறது. ஆனால் பெயர் புரண்டு, நிறுவனமும் மாறி, உடன் எழுதியவர்களும் மாறிவிட்டால் அதற்குப் பிடிமானம் இல்லை. இவருக்கு மூன்றும் நடந்திருந்தது.

என்னிடம் வந்த இன்னொருவருக்கு அப்பா பெயர் பிறப்புப் பத்திரத்தில் ஒரு மாதிரி, ஐசியில் ஒரு மாதிரி. தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) காதில் விழுந்தபடி எழுதிய எழுத்து, இரண்டு தலைமுறை தாண்டி ஆய்விதழ்வரை வந்து நிற்கிறது. தென்னிந்தியப் பெயரை அட்டவணையில் எந்தச் சொல்லின்கீழ் ஏற்றுவது என்பது நூலகர்களுக்கு மிகப் பழைய கேள்வி. அட்டை அட்டவணைக் காலத்தில் அந்த முடிவை ஒரு மனிதர் எடுத்தார். சந்தேகம் வந்தால் ‘இதையும் காண்க’ என்று இன்னோர் அட்டையைச் செருகினார். அந்த இரண்டாவது அட்டை இப்போது இல்லை.

திரையில் கண்டது

மூன்று பக்கங்களையும் அச்செடுத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடையில் உட்கார்ந்தோம். நூலகம் மூடும் நேரம் ஆகிவிட்டதால்தான் அங்கே போனோம். இரண்டு தே தாரிக், ஒரு சிவப்புப் பேனா. ஒவ்வொரு கட்டுரையாக “இது என்னது”, “இது என்னது இல்ல” என்று அவர் சொல்ல, நான் குறித்தேன்.

‘கோவிந்தன், கே.’ பக்கத்தில் 17 கட்டுரைகள், 241 மேற்கோள்கள், எச்-இன்டெக்ஸ் என்னும் மேற்கோள் அளவுகோலில் 8. ‘கமலா, ஜி.’ பக்கத்தில் 9 கட்டுரைகள், 304 மேற்கோள்கள், எச்-இன்டெக்ஸ் 6. ‘ஏபி கோவிந்தன், கே.’ பக்கத்தில் 4 கட்டுரைகள், 33 மேற்கோள்கள், எச்-இன்டெக்ஸ் 3. அவருடைய துறை இத்தனை ஆண்டும் பார்த்துவந்தது முதல் பக்கத்தை மட்டும்தான்.

சக விரிவுரையாளர் ஒருவர் மூன்று எச்-இன்டெக்ஸையும் கூட்டி 17 என்று எழுதச் சொல்லியிருந்தார். நல்ல எண்ணத்தில் சொன்ன தவறான யோசனை. அந்த எண்ணை அப்படிக் கூட்ட முடியாது. இந்த அளவுகோலை 2005இல் முன்வைத்தவர் கலிபோர்னியாவின் இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ். ஒருவருடைய கட்டுரைகளை மேற்கோள் அதிகமுள்ளதிலிருந்து குறைந்தது வரை வரிசையாக அடுக்க வேண்டும். மேலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே வர வேண்டும். கட்டுரையின் வரிசை எண்ணுக்குக் குறையாமல் மேற்கோள் இருக்கும்வரை எண்ணலாம். நிற்கும் இடம்தான் எச்-இன்டெக்ஸ். மூன்றாவது பக்கத்தின் நான்கு கட்டுரைகளுக்கு 16, 11, 5, 1 என்று மேற்கோள்கள். மூன்றாவது கட்டுரைக்கு 5 இருக்கிறது, தாண்டலாம். நான்காவதுக்கு 1தான் இருக்கிறது, நிற்க வேண்டும். ஆகவே 3.

இதே கணக்கை அவருடைய எல்லாக் கட்டுரைகளையும் சேர்த்துப் போட்டால்தான் உண்மை தெரியும். அதற்குமுன் இன்னொன்று தெரிந்தது. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

அவருடையதல்லாத ஐந்து

முதல் பக்கத்தின் 17 கட்டுரைகளில் ஐந்து அவர் எழுதியவையே அல்ல. அலுமினியக் கலவைகளைப் பற்றியவை. எழுதியவர் வேறு நாட்டில் இருக்கும் உலோகவியலாளர், அவரும் ‘கோவிந்தன், கே.’ மென்பொருள் இருவரையும் ஒரே இலையில் பரிமாறிவிட்டது. அந்த ஐந்துக்கு மட்டும் 140 மேற்கோள்கள். பக்கத்தில் தெரிந்த 241இல் பாதிக்குமேல் இன்னொருவருடையது.

“எடுக்கச் சொல்லிடுங்கக்கா” என்றார் உடனே.

நான் தயங்கினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நீக்கும் வேண்டுகோளும் இணைக்கும் வேண்டுகோளும் தனித்தனியாகப் போகும், ஒரே நாளில் முடியாது. முதலில் நீக்கிவிட்டு இணைப்பு தாமதமானால், மனுப் போடும் நாளில் எண் குறைந்து நிற்கும். கணக்குப் போட்டுக் காட்டினேன். ஐந்தும் போய்விட்டால் அந்தப் பக்கத்தின் எச்-இன்டெக்ஸ் 8இலிருந்து 6ஆக இறங்கும், மேற்கோள் 241இலிருந்து 101 ஆகும். மூன்று வாரம் பொறுத்து, மனு போன பிறகு நீக்கலாமே என்றேன்.

“அந்த ஆளும் எங்கயாவது ப்ரொமோஷனுக்கு நிப்பாரு இல்லக்கா? அவரோட 140 என்கிட்ட இருக்கு.”

இருபது ஆண்டுக்குமேல் இந்த வேலையில் இருக்கிறேன். தன் பெயரில் குறைகிறது என்று வந்தவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். கூடுதலாக இருக்கிறது, எடுத்துவிடுங்கள் என்று அவசரப்பட்டவர் இவர்தான். மறுநாள் காலை இரண்டு வேண்டுகோளையும் சேர்த்தே அனுப்பினோம்.

கூட்டிப் பார்த்த உண்மை

பிறருடையதை விலக்கி, மூன்று பக்கங்களையும் சேர்த்தால் அவருடைய கட்டுரைகள் 25, மேற்கோள்கள் 438. வரிசையாக அடுக்கினால் பத்தாவது கட்டுரைக்குச் சரியாக 10 மேற்கோள்கள், பதினோராவதுக்கு 9. எச்-இன்டெக்ஸ் 10. தன்னைத்தானே மேற்கோள் காட்டியவை எத்தனை என்றும் தனியே எண்ணினோம். 29. தன் முந்தைய ஆய்வைத் தொடர்பவர் யாருக்கும் இருக்கக்கூடிய அளவுதான்.

கூகுள் ஸ்காலரில் இதைவிடப் பெரிய எண் வந்தது. அது ஆய்வேடு, மாநாட்டுத் தொகுப்பு, அமைச்சு அறிக்கை, மலாய் மொழிக் கட்டுரை என்று இணையத்தில் கிடைப்பதையெல்லாம் சேர்த்துக்கொள்ளும். ஸ்கோப்பஸ் தான் தேர்ந்தெடுத்த இதழ்கள், நூல்கள், மாநாட்டுத் தொகுப்புகளை மட்டும் பார்க்கும். இரண்டுமே 2004இல் வந்தவை, இரண்டுக்கும் வலை வேறு. எந்த வலையில் பிடித்த மீன் என்று சொல்லாமல் எச்-இன்டெக்ஸை எழுதினால் அந்த எண்ணுக்குப் பொருளில்லை. விண்ணப்பத்தில் நாங்கள் தரவுத்தளத்தின் பெயரையும் பார்த்த தேதியையும் எண்ணுக்கு அருகிலேயே எழுதினோம்.

காணாமல்போன அந்தக் கட்டுரைக்கு வருகிறேன். அது இரண்டாவது பக்கத்தில் இருந்தது. மேற்கோள்கள் 212. மொத்த 438இல் ஏறக்குறைய பாதி. பல நாடுகளில் ஒரே நேரத்தில் நடந்த ஓர் ஆய்வு, எழுதியவர் பட்டியல் அரைப்பக்கம் நீளும். கமலா பெயர் அந்தப் பட்டியலின் நடுவில் எங்கோ இருக்கிறது. மலேசியத் தரவைச் சேகரித்துச் சரிபார்த்து அனுப்பியது அவர் பங்கு. வேலை உண்மையானது, ஆனால் கட்டுரையின் கருத்து அவருடையதல்ல. அதை அவரே முதலில் சொன்னார்.

அந்தக் கட்டுரையை எடுத்துவிட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மேற்கோள் 226ஆகச் சரிகிறது. எச்-இன்டெக்ஸ் 10இலிருந்து 9ஆக மட்டும் இறங்குகிறது. எச்-இன்டெக்ஸுக்கு இருக்கும் நல்ல குணம் இது. ஒரே ஒரு பெரிய கட்டுரையால் அது வீங்குவதில்லை. கெட்ட குணமும் அதேதான். ஒருவர் வாழ்நாளில் ஒரே ஒரு மகத்தான கட்டுரை எழுதியிருந்தாலும் அது 1 என்றே காட்டும். இன்னொன்று, அது வயதோடு ஏறும், இறங்காது. இருபது ஆண்டு உழைத்தவருக்கு 20 என்றால் நல்ல வெற்றி என்று ஹிர்ஷ் எழுதினார். அவர் சொன்னது இயற்பியலாளர்களுக்கு. கட்டுரைக்குக் கட்டுரை மேற்கோள் குவியும் மூலக்கூறு உயிரியலையும், ஒரு கேள்வித்தாளோடு வீடு வீடாக ஏறி இறங்கும் பொதுச் சுகாதாரத்தையும் ஒரே கோலால் அளந்தால் முன்னதுதான் எப்போதும் உயரமாகத் தெரியும்.

இதழ்களின் இம்பேக்ட் ஃபேக்டர் கதையும் இப்படித்தான். ஒரு இதழ் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளியிட்டவை இந்த ஆண்டு சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்பது அது. யூஜின் கார்ஃபீல்டும் அவரோடு இருந்தவர்களும் உருவாக்கிய அந்த எண்ணை, எந்த இதழுக்குச் சந்தா கட்டலாம் என்று முடிவெடுக்க எங்கள் நூலகங்கள் பயன்படுத்தின. இதழுக்காகப் பிறந்த எண்ணை மனிதர்கள்மேல் ஒட்டினார்கள். அதை எதிர்த்து 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் கூடிய ஆய்விதழ் ஆசிரியர்கள் ஓர் அறிக்கையையே தயாரித்தார்கள்.

ஆறு மேற்கோள் கட்டுரை

அவருடைய பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்த கட்டுரைக்கு மேற்கோள் 6தான்.

2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு இரத்தத்தில் சர்க்கரை அதிகம். இனவாரியாகப் பார்த்தால் இந்தியரிடையேதான் அளவு மிக அதிகம். இது எல்லோரும் மேற்கோள் காட்டும் செய்தி. டாக்டர் கமலா கேட்ட கேள்வி வேறு. இந்த நோயாளிகளின் காலை யாராவது பார்க்கிறார்களா?

நீரிழிவில் பாதத்தின் உணர்வு மெல்ல மரத்துப்போகும். 10 கிராம் அழுத்தம் தரும் ஒரு நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்வைச் சோதிப்பார்கள். ஒரு நிமிட வேலை. செந்தூல் பக்கம் கிளினிக்குகளில் உட்கார்ந்து, தமிழில் பேசும் நோயாளிகளிடம் அவர் விசாரித்தார். அந்தக் கேள்விகளில் ஒன்று தைப்பூசத்தைப் பற்றியது. ஜாலான் துன் எச்.எஸ். லீயில் இருக்கும் மாரியம்மன் கோயிலிலிருந்து பத்துமலை வரை வெறுங்காலோடு ரதத்தின் பின்னால் நடப்பவர்கள், பிறகு 272 படி ஏறுபவர்கள், இவர்களில் எத்தனை பேர் உணர்வு குறைந்த பாதத்தோடு போகிறார்கள்? தார் சூடு தெரியாத காலுக்குக் கொப்புளமும் தெரியாது. புண் பெரிதாகி, கசிந்து, வீட்டார் கண்ணில் படும்போது வாரங்கள் ஓடியிருக்கும். நடக்காதீர்கள் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் பேரப்பிள்ளையிடம் காலைக் காட்டுங்கள், அடிப்பாதத்தைப் பார்க்கச் சொல்லுங்கள் என்று தமிழில் ஒரு பக்கத் துண்டறிக்கை எழுதிக் கொடுத்தார்.

அந்தத் துண்டறிக்கைக்கு மேற்கோள் பூஜ்யம். எந்தத் தரவுத்தளமும் அதை அறியாது. ஒரு கிளினிக்கில் தாதியர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் அது இன்னும் இருக்கிறது, பக்கத்தில் அந்த நைலான் இழையும் இருக்கிறது. நானே போய்ப் பார்த்தேன்.

மேற்கோளே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. இந்த நாட்டிலிருந்து போன ஆய்வுகளில் மேற்கோளும் பயனும் கைகோத்துப் போனவை உண்டு. 1998இல் பன்றிப் பண்ணைத் தொழிலாளர்களிடம் பரவிய மூளைக்காய்ச்சலை முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று எண்ணினார்கள். கொசுவுக்குப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள், சாவு நிற்கவில்லை. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங் கிருமியைப் பிரித்தெடுத்ததும் அது வேறொன்று என்று தெரிந்தது. நிப்பா என்ற பெயர் அதன்பின் வந்தது. பன்றிகளை அழிக்கும் முடிவு வாரக்கணக்கில் நடைமுறைக்கு வந்துவிட்டது. 265 பேருக்கு நோய், 105 பேர் இறந்த பிறகு பரவல் அடங்கியது. அந்தக் கண்டுபிடிப்பின் முழுக் கட்டுரை ‘சயின்ஸ்’ இதழில் வந்தது 2000இல். மேற்கோள்கள் அதற்குப் பின்னால்தான் சேர்ந்தன.

சரவாக்கிலும் அப்படித்தான். நுண்ணோக்கியில் பார்த்து ‘பிளாஸ்மோடியம் மலேரியே’ என்று குறித்துவந்த மலேரியாவைப் பால்பீர் சிங் குழுவினர் மரபணுச் சோதனையில் மறுபடி பார்த்தார்கள். 208 நோயாளிகளில் 120 பேரிடம் இருந்தது குரங்குகளிடமிருந்து வரும் ‘நோலேசி’ வகை. 2004இல் ‘லான்செட்’டில் வெளிவந்தது. இரண்டிலும் நடந்தது, கோப்பில் தப்பாக எழுதியிருந்த பெயரைத் திருத்தியதுதான். அதனால்தானோ என்னவோ, பெயர் திருத்தும் இந்தச் சின்ன வேலையை நான் சின்னதாக நினைப்பதில்லை.

மனுவும் முடிவும்

நான் பயந்தபடியேதான் நடந்தது. ஐந்து கட்டுரைகளும் முதல் வாரமே நீங்கின. மூன்று பக்கங்களின் இணைப்பு முடியவில்லை. மனுப் போடும் கடைசி நாளில் திரையில் எச்-இன்டெக்ஸ் 6. படிவம் கேட்டது அந்தத் திரையின் நகலைத்தான். அதை இணைத்தோம். கூடவே 25 கட்டுரைகளின் தலைப்பு, இதழ், ஆண்டு, கட்டுரையின் நிலையான அடையாளமான டிஓஐ எண், மேற்கோள், அவருடைய பங்கு எல்லாவற்றையும் கையால் தயாரித்த அட்டவணையாக வைத்தோம். 212 மேற்கோள் கட்டுரைக்கு எதிரே ‘தரவுச் சேகரிப்பு, மலேசியப் பகுதி’ என்று எழுதினார். தாதியர் மேசைத் துண்டறிக்கையின் நகலையும் கடைசிப் பக்கமாக வைக்கச் சொன்னேன். வைத்தார்.

குழு திரை நகலை மட்டும் பார்த்தது. அந்தச் சுற்றின் பதவி உயர்வுப் பட்டியலில் அவர் பெயர் வரவில்லை. எனக்குக் கோபம் வந்தது, இன்றும் இருக்கிறது. 2015இல் ஆய்வு மதிப்பீட்டுக்கென்று வெளிவந்த லைடன் அறிக்கையின் பத்துக் கோட்பாடுகளில் ஒன்று, மதிப்பிடப்படுபவர் தன் தரவைத் தானே சரிபார்க்க வாய்ப்பு வேண்டும் என்கிறது. இன்னொன்று, உள்ளூருக்குப் பொருந்தும் ஆய்வின் தரத்தைக் காக்க வேண்டும் என்கிறது. இரண்டையும் எழுதி, எங்கள் பிரிவுத் தலைவர் கையொப்பத்தோடு குழுவின் செயலாளருக்கு ஒரு கடிதம் அனுப்பினோம். திரை நகலோடு நூலகம் சரிபார்த்த பட்டியலையும் ஏற்க வேண்டும் என்பதுதான் கோரிக்கை. அதை ஏற்றுக்கொண்டார்கள்.

அதற்குள் இணைப்பும் முடிந்துவிட்டது. அவரிடம் பல ஆண்டாகச் சும்மா கிடந்த ஆர்கிட் எண்ணையும் கட்டுரைகளோடு கோத்தோம். 2012இலிருந்து இலவசமாகக் கிடைக்கும் பதினாறு இலக்க அடையாளம் அது. பெயர் எப்படிப் புரண்டாலும் எண் புரளாது. இனி அனுப்பும் கட்டுரைகளில் பெயரைக் ‘கோவிந்தன், கமலா’ என்றே போடுவது என்று அவரே முடிவெடுத்தார். அதிகக் கட்டுரைகள் அந்த வடிவில் இருப்பதால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். முடிவு அவருடையதாக இருக்கட்டும் என்று காத்திருந்தேன். “அப்பா பேரே இருக்கட்டும்கா. அவரு ரப்பர் பால் வெட்டி அனுப்பின காசுலதான படிச்சேன்” என்றார்.

ஐந்து மாதம் கழித்து அடுத்த சுற்றில் பதவி உயர்வு வந்தது. நேர்காணலில் எச்-இன்டெக்ஸைப் பற்றி யாரும் கேட்கவில்லையாம். கடைசிப் பக்கத்துத் துண்டறிக்கையைக் கையில் எடுத்த ஒரு மூத்த பேராசிரியர், இதை மலாயிலும் எழுதித் தர முடியுமா, தன் அம்மாவின் கிளினிக்கில் வைக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

போன மாதம் அவர் தன் முதுகலை மாணவரை என்னிடம் அழைத்துவந்தார். பையன் முதல் கட்டுரையை அனுப்பப் போகிறான். படிவத்தில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தது. “அக்காகிட்ட ஐசியைக் காட்டு தம்பி” என்றார் டாக்டர் கமலா.